மேற்கோளும் மேன்மையும்

பழந்தமிழ் உரைகளைக் கற்போர் மேற்கோளின் அருமையை நன்கறிவர். தகடூர் யாத்திரை என்னும் நூல் இன்று முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டினைத் தொகுத்தவரும் தொல்காப்பியத்துக்கு உரைகண்டோரும் அதன் செய்யுட்கள் சிலவற்றை எடுத்தாண்டமையாலேயே அவை எஞ்சின. யாப்பருங்கல விருத்தியுடையார் காட்டிய மேற்கோள்கள் இன்றேல், வேறும் பல நூல்களின் பெயர்தானும் அறியப்படாது போயிருக்கும். ஆயின், உரைகாரர் பிறர் கூற்றை எடுத்துக் காட்டுவது தம் கொள்கைக்கு அரண்செய்தற்கு மாத்திரம் அன்று, மறுத்தற்காகவும் காட்டுவர். சொல்லதிகாரத்துக்கு உரைசெய்த சேனாவரையர் இளம்பூரணர் உரையைப் பலவிடங்களில் எடுத்தோதியது அதனை மறுத்தற்பொருட்டு என்பது அவ்வுரையைக் கற்றார்க்குத் தெளிவாகும். எனவே, ஒருவர் எத்தனை முறை மேற்கோளாக எடுக்கப்பெற்றார் என்பது ஒன்று. எதன்பொருட்டு எடுக்கப்பெற்றார் என்பது மற்றொன்று.

உரைமரபிலே எளிதிற் புலப்படும் இவ்வேறுபாடு இன்றைய விஞ்ஞான உலகிலே பெரியதொரு வினாவாக எழுந்துள்ளது. ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரைகள் எத்தனை, அவை பிறராற் காட்டப்பெற்ற தடவைகள் எத்தனை என்னும் இரண்டு எண்களைக் கொண்டு அவருடைய தகுதியை அளக்கும் வழக்கம் பல நாடுகளிலும் பரவிவிட்டது. விரிவுரையாளர் நியமனமும் பதவியுயர்வும் ஆராய்ச்சிக்கான பணவுதவியும் இவ்வெண்களை ஒட்டியே பலவிடங்களில் முடிவுசெய்யப்படுகின்றன. இவ்வளவுகோல் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை அறிதற்குச் சிறுநீரகமாற்றுச் சத்திரசிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான தோமஸ் ஸ்ரார்சல் என்பாரின் ஆராய்ச்சி வாழ்வு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மேற்கோள்களை எண்ணும் முறை தோன்றிய வரலாறு முதற்கண் நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்காவிலே வழக்கறிஞர்கள் ஒரு பழைய தீர்ப்பினைத் துணையாகக் கொள்ளுமுன், அத்தீர்ப்பு பின்வந்த நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டதோ மறுக்கப்பட்டதோ என்று அறிய விரும்பினர். அதன்பொருட்டு 1873ஆம் ஆண்டு தொட்டு ஷெப்பேட் என்பாரின் பெயரால் ஓர் அட்டவணை வழங்கிவந்தது. அதன் பயனைக் கண்ட யூஜீன் காபீல்ட் என்பவர், விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அத்தகைய சுட்டியொன்று வேண்டுமென 1955ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் சஞ்சிகையில் எழுதினார். 1960இல் பிலடெல்பியா நகரிலே அவர் நிறுவிய விஞ்ஞானத் தகவல் நிறுவகம், 1961ஆம் ஆண்டில் வெளிவந்த 613 சஞ்சிகைகளை ஆராய்ந்து 14 இலட்சம் மேற்கோள்களைத் தொகுத்தது. ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எவ்வாறு ஏற்றனர், திருத்தினர், மறுத்தனர் என்று தேடிப் பிடித்தற்கு ஏற்ற வழிகாட்டியாகவே அச்சுட்டி எண்ணப்பட்டது. வழி காட்டுதற்கென எழுந்தது காலப்போக்கில் மனிதரை நிறுக்கும் தராசாயிற்று.

அத்தராசிலே மிக்க நிறையுடையராய் நின்றவர் ஸ்ரார்சல். அவர் 1926ஆம் ஆண்டு அயோவா மாநிலத்து லெமார்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு பத்திரிகையாசிரியரின் மகனாகப் பிறந்தார். நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் நரம்பு உடற்றொழிலியலிற் கலாநிதிப் பட்டமும் 1952இல் பெற்றார். 1960களின் தொடக்கத்தில் டென்வர் நகரத்துக் கொலறாடோப் பல்கலைக்கழகத்திலும், 1981 முதல் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, 1991இல் கத்தியைக் கீழே வைத்தார்; ஆராய்ச்சியை நிறுத்தினாரல்லர். அவர் பெயரால் வெளிவந்த கட்டுரைகள் 2,200க்கு மேற்பட்டவை. ஒரு காலப்பகுதியில் 7.3 நாளுக்கு ஒரு கட்டுரை வீதம் அவர் வெளியிட்டார் என்று காபீல்டின் நிறுவகம் கணக்கிட்டது. 1981 முதல் 1998 நடுப்பகுதி வரை அவர் கட்டுரைகள் 26,000 தடவைக்கு மேற் காட்டப்பெற்றன என்றும், மருத்துவத் துறையிலே மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்றவர் அவரே என்றும் அந்நிறுவகம் 1999இல் அறிவித்தது.

எண்கள் வியப்பூட்டுவன. ஆயினும், அவ்வெண்கள் பிறந்த களத்தை அறியாதார்க்கு அவை வெறும் எண்களே. களமாவது, குண்டிக்காய் என ஊர்வழக்கிற் கூறப்படும் சிறுநீரகத்தை ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு மாற்றும் முயற்சி. குருதிக்குழாய்களைத் தைத்து இணைக்கும் நுட்பத்தைப் பிரான்சு நாட்டவரான அலெக்சி கரெல் 1902இலேயே வெளியிட்டார். 1912இல் நோபெற் பரிசும் பெற்றார். ஆகவே, தைப்பது அரிதன்று; தைத்த உறுப்பினை உடல் ஏற்கச் செய்வதே அரிதாயிற்று. பிறருடைய இழையத்தை அந்நியமென உணர்ந்து அழிக்கும் நிர்ப்பீடன ஆற்றலே அதற்குத் தடை. முதன்முறை ஒட்டிய தோலைவிட, அதே மனிதரிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டிய தோல் விரைவில் அழிகின்றது என்பதை 1940களில் பீற்றர் மெடவார் என்பார் காட்டி, இந்நிராகரிப்பு நிர்ப்பீடனத்தின் செயலே என நிறுவினார்.

ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையரிடையே இத்தடை இல்லை. 1954 டிசெம்பர் 23இல் பொஸ்ரன் நகரத்துப் பீற்றர் பென்ற் பிறிகம் வைத்தியசாலையிலே, றொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை அவருடன் பிறந்த றிச்சட்டுக்கு யோசப் மறே என்னும் சத்திரவைத்தியர் பொருத்தினார். றிச்சட் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஆயின், நோயாளர் எல்லார்க்கும் ஒத்த இரட்டையர் எங்ஙனம் கிடைப்பர்? மற்றையோர்க்குக் கதிர்வீச்சினாலும் மருந்துகளாலும் நிர்ப்பீடனத்தை அடக்க முயன்றனர். ஜேட்றூட் எலியன், ஜோர்ஜ் ஹிற்சிங்ஸ் ஆகியோர் ஆக்கிய அசதியோபிரின் என்னும் மருந்தினை மறேயும் றோய் கான் என்னும் ஆங்கிலேயரும் பயன்படுத்தினர். அங்குமிங்கும் சிலர் பிழைத்தனர், பெரும்பாலார் இறந்தனர்.

1963 செப்ரெம்பரில் வொஷிங்ரன் நகரிலே இத்துறையினர் ஏறக்குறைய இருபத்தைவர் கூடினர். அதுவரை சிறுநீரகம் மாற்றப்பெற்ற சில நூற்றுவருள், மூன்று மாதந்தானும் வாழ்ந்தோர் நூற்றுக்குப் பதின்மரினும் குறைந்தனர் என்பது ஆங்குத் தெரியவந்தது. அக்கூட்டத்திலே, இத்துறைக்குப் புதியவரான ஸ்ரார்சல், தம் நோயாளரிடத்தே சிறுநீரகம் ஓராண்டு நிலைத்தமை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் என்று கூறினார். கேட்டோர் நம்பத் தயங்கினர். அடுத்த மாதம் வெளிவந்த கட்டுரையொன்று அதற்கு விடையாயிற்று. ஸ்ரார்சல், மார்க்கியோறோ, வடெல் என்னும் மூவர் எழுதிய அக்கட்டுரை இரண்டு செய்திகளைக் கூறிற்று. நிராகரிப்புத் தொடங்கிவிட்டால் முடிவு சாவே என்று அதுவரை கருதப்பட்டது. அவ்வாறன்று, அசதியோபிரினுடன் பிரெட்னிசோன் என்னும் மருந்தினை மிகுத்துக் கொடுப்பின் நிராகரிப்பினை மீட்கலாம் என்பது முதலாவது. அவ்வாறு மீண்ட பின்னர் நோயாளருக்கு வேண்டிய மருந்தின் அளவு பெரும்பாலும் குறைகின்றது, அஃதாவது, புதிய உறுப்புக்கு உடல் ஓரளவு இசைந்துவிடுகின்றது என்பது இரண்டாவது. அடுத்த ஆண்டே தம் அனுபவம் முழுவதையும் ஒரு நூலாகவும் ஸ்ரார்சல் வெளியிட்டார்.

அக்கட்டுரை ஏன் மிகுதியாகக் காட்டப்பெற்றது என்பது இப்போது விளங்கும். கைவிடத்தக்கதெனப் பலர் கருதிய ஒரு சிகிச்சை, பயிலத்தக்கதொரு முறையாக அன்று மாறியது. அதன் பின்னர் எந்நாட்டில் எவ்வைத்தியசாலை இத்துறையில் இறங்கினும், அம்முறையைப் பின்பற்றியதாயினும் அதனின் விலகியதாயினும், அக்கட்டுரையைச் சுட்டாதிருத்தல் அரிது. 1980இல் சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்தைப் பிரெட்னிசோனுடன் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தையும், 1989இல் யப்பான் நாட்டுச் சுக்குபா மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து பெற்ற ரக்ரோலிமஸ் என்னும் மருந்தின் பயனையும் அவரே வெளியிட்டார். சிகிச்சை திரும்பிய மூன்று திருப்பங்களிலும் அவர் நின்றார். இவ்வகையில், மேற்கோட்டொகை அவர்பால் உண்மையையே காட்டியது எனலாம்.

ஆயின், அதே தொகை காட்டாத செய்திகளும் உள. அவற்றுள் முதலாவது, பெயரை எண்ணும் முறையிலுள்ள குறை. பழைய அச்சுச் சுட்டியிலே ஒரு கட்டுரை அதன் முதலாசிரியர் பெயரின்கீழ் மாத்திரமே இடம்பெற்றது. ஹெரிக் சகோதரர் பற்றி 1956இல் வெளிவந்த கட்டுரையின் முதலாசிரியர் யோன் மெறில் என்னும் வைத்தியர். கத்தி பிடித்த மறேயின் பெயர் இரண்டாவதாக நிற்கின்றது. எனவே, சுட்டியை மாத்திரம் புரட்டுவோன் அவ்வரலாற்றுக் கட்டுரையை மறேயின் பெயரின்கீழ்க் காணான். பிற்காலக் கணக்கிலே இதற்கு நேர்மாறான குறை தோன்றியது. ஒரு கட்டுரையிற் பதின்மர் பெயர் இருப்பின், அதன் மேற்கோள் முழுவதும் பதின்மருக்கும் தனித்தனியே சேர்கின்றது. 2,200 கட்டுரைகளை ஒருவரே தனித்திருந்து எழுதுதல் இயலாது என்பதை எவரும் உணர்வர். ஆய்வுகூடத்தாரும் உடன்பணிசெய்த சத்திரவைத்தியரும் பயிற்சி பெற்ற இளைஞரும் அவ்வெண்ணினுள்ளே மறைந்துள்ளனர்.

இரண்டாவது, வெற்றியும் தோல்வியும் அத்தொகையில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. டென்வர் நகரிலே பபூன் என்னும் குரங்கின் சிறுநீரகங்களை ஆறு நோயாளருக்குப் பொருத்திய முயற்சியை ஸ்ரார்சல் 1964இல் வெளியிட்டார். அறுவரும் 19 முதல் 98 நாள் வரையே வாழ்ந்தனர். தோல்வியை மறையாது எழுதியமையால் பின்வந்தோர் பயன்பெற்றனர், அக்கட்டுரையும் காட்டப்பெற்றது. ஆனால், சுட்டியின் எண் இதனை 1963ஆம் ஆண்டுக் கட்டுரையினின்றும் வேறுபடுத்திக் காட்டாது. அவ்வாறே, அக்காலத்துச் சிறுநீரகம் அளித்தவருட் சிலர் கொலறாடோச் சிறைக்கூடத்துக் கைதிகள். அவர்கள் தாமாக முன்வந்தனர் எனினும், சிறைப்பட்டவனின் சம்மதம் உண்மையான சம்மதமோ என்னும் வினா எழுந்தது. ஸ்ரார்சல் பின்னர் அவ்வழக்கத்தைக் கைவிட்டார். எத்தொகையும் இவ்வறவினாவை எழுப்பாது. கட்டுரையைக் கற்பவனே அதனை எழுப்பவேண்டும்.

மூன்றாவது, மொழியும் இடமும் பற்றியது. மனிதருக்கு மனிதரின் சிறுநீரகத்தை முதன்முதற் பொருத்தியவர் அமெரிக்கர் அல்லர். உக்கிரேன் நாட்டு யூரி வொறொனோய் என்பவர். 1933இல் கேர்சோன் நகரிலே, இரசநஞ்சுண்டு சிறுநீரகம் பழுதுற்ற 26 வயதுப் பெண்ணொருத்திக்கு, இறந்த ஒருவரின் சிறுநீரகத்தைத் தொடையிலே அவர் பொருத்தினார். குருதிவகை பொருந்தவில்லை, அப்பெண் இரண்டு நாளில் இறந்தாள். அவர் தம் அனுபவத்தைப் பின்னர் ஸ்பானிய மொழிச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். ஆங்கிலம் கற்ற மருத்துவவுலகம் நெடுங்காலம் அதனை அறியாதிருந்தது. காட்டப்படாமை செய்யப்படாமைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளையே அடிப்படையாகக் கொண்ட சுட்டிகளிலே, சிறிய மொழிகளில் எழுதுவோரின் உழைப்பு இன்றும் போதிய இடம் பெறவில்லை என்பது தமிழில் ஆராய்ச்சி செய்வார் மறத்தலாகாத செய்தி.

நான்காவது, மிகப் பெரிய வெற்றியே மேற்கோளைக் குறைத்தலும் உண்டு. கரெலின் தையல்முறை இன்றி எவ்வுறுப்பும் மாற்றப்படுவதில்லை. ஆயினும், சிறுநீரகம் மாற்றியது பற்றி எழுதுவோர் அவருடைய 1902ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவது அரிது. எல்லார்க்கும் உடைமையாகிவிட்ட அறிவுக்கு உரியவர் பெயர் வேண்டப்படுவதில்லை. றொபேட் மேற்றன் என்னும் சமூகவியலறிஞர் இதனை எடுத்து விளக்கியுள்ளார். இதற்கு மாறாக, நாடோறும் ஆய்வுகூடத்திற் பயன்படும் செய்முறையைக் கூறும் கட்டுரை அளவின்றிக் காட்டப்பெறும். புரதத்தின் அளவை அறியும் முறைபற்றி ஒலிவர் லௌறியும் பிறரும் 1951இல் எழுதிய கட்டுரை, 2014இல் எடுத்த கணக்கின்படி 3 இலட்சம் தடவைக்கு மேற் காட்டப்பெற்று முதலிடம் வகித்தது. பாரம்பரியத்தின் அடிப்படையான டீ.என்.ஏ.யின் அமைப்பினை 1953இல் வெளிப்படுத்திய வொற்சன், கிறிக் ஆகியோரின் கட்டுரை அக்கணக்கின் முதல் நூறனுள்ளும் இடம்பெறவில்லை. இதனால் முன்னது பின்னதினும் சிறந்ததென அறிவுடையோர் கூறார்.

இக்குறைகளைத் தீர்க்கும் நோக்குடன் 2005ஆம் ஆண்டில் ஹோஹே ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலறிஞர் ஓரெண்ணை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் மிகுந்த வரிசையில் அடுக்குக. அவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 5, 4, 1 தடவை காட்டப்பெற்றிருப்பின், நான்கு கட்டுரைகள் நான்கு தடவைக்குக் குறையாமற் காட்டப்பெற்றுள்ளன. எனவே அவர் எண் 4. ஒரு கட்டுரையின் தற்செயலான புகழும், எவரும் கல்லாத கட்டுரைகளின் பெருக்கமும் இவ்வெண்ணை உயர்த்தமாட்டா என்பது இதன் சிறப்பு. ஆயின், தம் வாழ்நாளில் இரண்டு கட்டுரைகளே எழுதி, ஒவ்வொன்றும் 3,000 தடவை காட்டப்பெற்ற ஒருவரின் எண் 2 ஆகும். மேலும், இவ்வெண் முதுமையோடு ஏறுமேயன்றி இறங்காது; ஆராய்ச்சியாளர் பலருள்ள துறையிற் பெரிதாயும் சிலரேயுள்ள துறையிற் சிறிதாயும் இருக்கும். ஒரு சத்திரவைத்தியரையும் ஒரு கணிதரையும் இதனால் ஒப்பிடுதல் முழத்தினால் நெல்லை அளப்பது போலாம்.

இவற்றினும் பெருந்தீங்கு வேறொன்று. அளவுகோலே இலக்காகும்போது மனிதர் அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்வர். ஒரு கட்டுரையை மூன்றாகப் பிளத்தலும், தம்மைத் தாமே காட்டுதலும், நண்பரை நண்பர் காட்டுதலும், உழையாதார் பெயரைச் சேர்த்தலும் இவ்வாறே பெருகின. 2012 டிசெம்பரிற் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய சஞ்சிகையாசிரியரும் பதிப்பாளரும் சிலர், ஒரு கட்டுரை வெளிவந்த சஞ்சிகையின் மேற்கோள் வீதத்தைக்கொண்டு அக்கட்டுரையையோ அதனை எழுதியவரையோ மதிப்பிடலாகாது என்று கூட்டறிக்கை விடுத்தனர். மேற்கோள் எண்ணிக்கையைக் கவனமின்றிக் கையாளுதல் தகாதென்று காபீல்டும் பன்முறை எச்சரித்தார்.

பரிசுகளும் முடிந்த தீர்ப்பாகா. 1990ஆம் ஆண்டின் மருத்துவ நோபெற் பரிசு, சிறுநீரகம் மாற்றிய மறேக்கும் என்புமச்சை மாற்றிய டொனல் தோமசுக்கும் வழங்கப்பட்டது. மேற்கோள் மிகுந்த ஸ்ரார்சலுக்கு அப்பரிசு கிடைத்திலது. 2012இல் றோய் கானுடன் சேர்ந்து லாஸ்கர் விருதினை அவர் பெற்றார். எனினும், மறேயின் முதற்படி இன்றேல் ஸ்ரார்சலின் படி இல்லை. ஸ்ரார்சலின் படி இன்றேல் மறேயின் வெற்றி இரட்டையரோடு நின்றிருக்கும். இருவருள் மேலார் யார் என்னும் வினாவுக்கு எண்ணும் பரிசும் வெவ்வேறு விடை கூறுவது, அவ்வினாவே பொருத்தமற்றது என்பதைக் காட்டுகின்றது.

ஸ்ரார்சலின் பிற்காலக் கட்டுரையொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1960களின் முற்பகுதியிலே தாம் சிறுநீரகம் பொருத்தியவருள் எஞ்சியிருந்தோரை 1990களின் தொடக்கத்தில் அவர் மீண்டும் அழைத்து ஆராய்ந்தார். 27 முதல் 29 ஆண்டுகளின் பின்னரும் அச்சிறுநீரகங்கள் தொழிற்பட்டன. அதனோடமையாது, அளித்தவரின் கலங்கள் பெற்றவரின் உடலிலே பிறவிடங்களிலும் குடிகொண்டிருத்தலையும் அவர் கண்டார். ஓருடலில் இருவர் கலங்களும் பகையின்றி வாழ்தலே அவ்வுடல் புதிய உறுப்புக்கு இசைந்ததன் காரணமாகலாம் என்று 1993இல் எழுதினார். 1963ஆம் ஆண்டுக் கட்டுரையிற் கண்ட புதிருக்கு முப்பது ஆண்டின் பின் அவரே விடை தேடினார். அக்கருத்தை ஏற்றோரும் உளர், மறுத்தோரும் உளர். இருசாராரும் அவரைக் காட்டினர். ஆனால், அவ்விடையைத் தந்தவர் மூன்று பதிற்றாண்டுகள் உயிரோடிருந்த நோயாளர்களே.

சுட்டியை வகுத்த காபீல்ட் 2017 பெப்ரவரி 26இல் காலமானார். அச்சுட்டியில் மிக உயர்ந்து நின்ற ஸ்ரார்சல் அடுத்த மாதம் 4ஆம் நாள் காலமானார். இருவர் பணியையும் ஒருங்கே நோக்குவார்க்கு மேற்கோட்டொகையின் உண்மைப் பயன் விளங்கும். எக்கட்டுரையைத் தேடிக் கற்கவேண்டும் என்பதை அது கூறும். கற்கும் வேலையை அது செய்யாது. ஓர் இளைஞரின் தகுதியை ஆராயும் சபையார் அவர் எழுதியவற்றுள் இரண்டினையேனும் எடுத்துப் பொறுமையோடு கற்றபின் எண்ணைப் பார்ப்பாராயின், எண் அவர்க்குத் துணையாகும். கல்லாது எண்ணை மாத்திரம் பார்ப்பாராயின், சேனாவரையர் இளம்பூரணரைக் காட்டிய இடங்களை எண்ணிப் பார்த்து, இருவரும் ஒரே கொள்கையினர் என்று துணிந்தவனின் நிலையே அவர்க்கும் எய்தும்.